ஒயிட் மவுண்டன்ஸில் நாயுடன் பனிக்கால மலையேற்றம்: முழுமையான வழிகாட்டி

"போதும், திரும்பிப் போகலாம்" என்று எந்த நாயும் சொல்வதில்லை. நீங்கள் நடக்கும்வரை அதுவும் நடக்கும். பாதம் வெடித்து இரத்தம் கசிந்தாலும், விரல் இடுக்கில் பனிக்கட்டி இறுகியிருந்தாலும், வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் வரும். பனி மூடிய மலையில் இந்த விசுவாசமே நாய்க்கு எமனாகிவிடக்கூடும். ஆகவே எங்கே போவது, என்ன எடுத்துச் செல்வது என்பதைவிட, எப்போது திரும்புவது என்பதைத்தான் நாயை வளர்ப்பவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். கீழே உள்ள எல்லாவற்றையும் அந்த நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

நான் எழுதுவது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரைப் பற்றி. பாஸ்டனிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். உயரத்தை மட்டும் பார்த்தால் இமயமலைக்கு முன்னால் இவை குன்றுகள். மிக உயரமான மவுண்ட் வாஷிங்டனே 6,288 அடிதான், நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவு. ஆனால் 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியில் மணிக்கு 231 மைல் வேகக் காற்று அளவிடப்பட்டது. இந்த மலைகளை உயரத்தால் எடைபோடக் கூடாது, காற்றால் எடைபோட வேண்டும்.

பாதைப் பலகைகளும் வரைபடங்களும் இங்கே மைலிலும் அடியிலும்தான் இருக்கும் என்பதால் நானும் அப்படியே தருகிறேன். வெப்பநிலை மட்டும் செல்சியஸில்.

உங்கள் நாய் இதற்கு ஏற்றதா?

சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், சமோய்ட் போன்றவற்றுக்கு இரண்டடுக்கு உரோமம் உண்டு. உள்ளே பஞ்சு போன்ற அடர்த்தி, வெளியே ஈரத்தை விலக்கும் நீண்ட முடி. அவை பனியில் படுத்துத் தூங்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவை நடுத்தரம்: நடக்கும்வரை குளிர் தெரியாது, நின்றால் தெரியும். எங்கள் நாய் மணி லாப்ரடார் கலப்பினம் என்பதால் இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் அளவுகள் பெரும்பாலும் அந்த வகை நாய்க்குப் பொருந்துபவை.

கிரேஹவுண்ட், பாக்ஸர் போன்ற குட்டை முடி நாய்களுக்கு இந்தக் குளிர் கடுமை. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய மூன்றும் இந்தப் பட்டியலில்தான் வரும். வெயில் காயும் சமவெளியில் வேட்டையாட உருவான உடல்கள் அவை. மெல்லிய ஒற்றை உரோமம், தோலுக்கடியில் கொழுப்பே இல்லை. மேலாடை போட்டு ஊருக்குள் பனியில் நடத்தலாம், மலைக்கு வேண்டாம். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கும் வேண்டாம். மூச்சுத் திணறும். குட்டைக் கால் நாய்களின் வயிறு பனியில் உரசிக்கொண்டே போவதால் அவை எதிர்பார்ப்பதைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும்.

வயதும் முக்கியம். எலும்பு முனைகளின் வளர்ச்சி முடியாத குட்டிகளை நீண்ட ஏற்றங்களுக்கு இழுத்துச் செல்லக் கூடாது. பெரிய இனங்களுக்கு இது முடிய ஒன்றரை வருடம் வரை ஆகலாம். மூட்டுவலி உள்ள வயதான நாய்க்கு இறக்கம்தான் வேதனை. பருவம் தொடங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, இதயமும் மூட்டுகளும் நன்றாக உள்ளனவா என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டில் சோபாவில் கிடந்த நாயை ஜனவரியில் திடீரென நாலாயிரம் அடி ஏற்றக் கூடாது. இலையுதிர் காலத்திலேயே தொடங்கி, தூரத்தையும் ஏற்றத்தையும் வாராவாரம் கூட்டிக்கொண்டே வாருங்கள். அந்த வாரங்களிலேயே மூன்று கட்டளைகளைப் பழக்கிவிட வேண்டும்: "நில்", "வா", "பின்னால்". மூன்றாவதுதான் பனியில் மிகவும் பயன்படும். நீங்கள் இறங்கும்போது நாய் உங்களுக்குப் பின்னால் வர வேண்டும். எந்தக் கட்டளையையும் அணில் ஓடும் நேரத்தில் சொல்லிப் பாருங்கள். அப்போதும் கேட்டால்தான் அது படிந்துவிட்டதாகப் பொருள்.

எங்கே தொடங்குவது

முதல் பனிக்கால மலையாக நான் எல்லாருக்கும் சொல்வது மவுண்ட் வில்லர்ட். கிராஃபோர்ட் நாட்ச் கணவாயில், பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாதை தொடங்குகிறது. ஒருவழி 1.6 மைல், ஏற்றம் சுமார் 900 அடி. மேல் பகுதி பழைய குதிரை வண்டிப் பாதை என்பதால் சரிவு மென்மையானது. கூட்டம் வருவதால் பனி நன்றாக மிதிபட்டு இறுகியிருக்கும். உச்சியில் கணவாய் முழுவதும் காலடியில் விரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த உச்சி ஒரு பாறை விளிம்பு, அதற்குக் கீழே செங்குத்து. மரங்கள் முடியும் இடத்துக்கு முன்பே நாயைக் கயிற்றில் பிடித்துவிடுங்கள்.

அடுத்த படி மவுண்ட் பியர்ஸ். 4,312 அடி. நியூ ஹாம்ப்ஷயர்க்காரரான அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் பியர்ஸின் பெயர் கொண்ட மலை. கிராஃபோர்ட் பாத் வழியாக ஒருவழி 3.1 மைல், ஏற்றம் 2,400 அடி. ஏபெல் கிராஃபோர்டும் அவர் மகன் ஈத்தன் ஆலன் கிராஃபோர்டும் 1819-ல் வெட்டிய பாதை இது. ஏறக்குறைய முழுப் பாதையும் மரங்களுக்குள்ளேயே போகிறது. உச்சியை நெருங்கும்போதுதான் காற்று முகத்தில் அறையும். அதுவரை வந்து, காற்றின் வேகத்தைப் பார்த்து, உச்சிக்குச் சில நிமிடத் தூரத்தில் திரும்பிவிட முடியும் என்பதே இந்த மலையின் பெரிய நன்மை. அங்கிருந்து மவுண்ட் ஐசன்ஹவரை நோக்கிப் போகும் முகடு திறந்தவெளி. முதல் வருடத்தில் அதை விட்டுவிடுங்கள்.

நாயோடு போகக் கூடாதவை எனக்குத் தெளிவாகவே சில உண்டு. மவுண்ட் வாஷிங்டனின் லயன் ஹெட் பனிக்காலப் பாதையில் மனிதர்களே ஐஸ் கோடரி ஊன்றி ஏறும் செங்குத்து இருக்கிறது. டக்கர்மன், ஹன்டிங்டன் பள்ளத்தாக்குகள் பனிச்சரிவுக்குப் பேர்போனவை. ஃபிராங்கோனியா முகட்டில் லிட்டில் ஹேஸ்டாக்கிலிருந்து லாஃபயெட் வரை ஒதுங்க இடமில்லாத ஒன்றே முக்கால் மைல் திறந்தவெளி. வெல்ச்-டிக்கி மலைகளின் வழுக்குப் பாறைகள் கோடையில் குழந்தைகளுக்கே ஏற்றவை, ஆனால் மழை பெய்து உறைந்த பிறகு நாயின் நகம் அங்கே எதையும் பற்றாது. பாஸ்டனுக்குப் பக்கம் என்பதால் பலர் மொனாட்னாக் மலைக்குக் கிளம்புகிறார்கள். அந்த மாநிலப் பூங்காவில் எந்தப் பருவத்திலும் நாய்களுக்கு அனுமதி கிடையாது.

நேரக் கணக்குக்கு இங்குள்ளோர் பின்பற்றும் பழைய சூத்திரம்: ஒரு மைலுக்கு அரை மணி, ஒவ்வொரு ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் இன்னொரு அரை மணி. பியர்ஸுக்கு ஏற மட்டும் இரண்டே முக்கால் மணி நேரம் வருகிறது. அது கோடைக் கணக்கு. பனியில், நாயோடு, அதன் பாதத்தை நின்று நின்று பார்த்துக்கொண்டு போக இன்னும் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் இங்கே நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். விடிந்ததும் நடக்கத் தொடங்கி, மதியம் 12 மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவது என் வழக்கம்.

வானிலையை நாயின் கண்ணால் படிப்பது

ஊரின் வானிலையைப் பார்த்து மலைக்குப் போகாதீர்கள். மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகம் உயர்ந்த சிகரங்களுக்கென்றே தனியாக ஒரு முன்னறிவிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. அதில் வெப்பநிலை, காற்று, மேகமூட்டம் மூன்றையும் பாருங்கள். பனிச்சரிவு நிலவரத்தை மவுண்ட் வாஷிங்டன் பனிச்சரிவு மையம் தருகிறது.

காற்றோடு சேர்ந்த குளிர்தான் உண்மையான குளிர். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 30 மைல் காற்று வீசினால், மனிதத் தோலுக்கு அது மைனஸ் 32 போல உறைக்கும். நாயின் உடல் உரோமத்தால் மூடப்பட்டிருந்தாலும் காது நுனி, மூக்கு, வயிற்றின் அடிப்புறம், ஆண் நாயின் விதைப்பை ஆகியவை காற்றுக்குத் திறந்தே கிடக்கின்றன.

நான் வைத்திருக்கும் எல்லை இது. மரங்களுக்குள் காற்றில்லாமல் மைனஸ் 12 வரை போவோம். அதற்குக் கீழே போனால் தூரத்தைக் குறைப்போம். மைனஸ் 18 என்றால் வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டுப் பாதையோடு சரி. ஹஸ்கி வைத்திருப்பவர் இதைவிடத் தள்ளிப் போகலாம், குட்டை முடி நாய் வைத்திருப்பவர் இதற்கு வெகு முன்பே நிற்க வேண்டும்.

ஆனால் நான் மிக அதிகம் அஞ்சுவது பூஜ்யம் டிகிரியை ஒட்டிய ஈர நாட்களைத்தான். மைனஸ் 10-ல் பனி உலர்ந்த மாவாக இருக்கும், உதறினால் உதிர்ந்துவிடும். பூஜ்யத்தில் பனி முடியில் உருகி ஒட்டும். மழையும் கலந்து பெய்யும். நனைந்த உரோமம் சூட்டைப் பிடித்து வைக்காது. பிறகு மாலையில் காற்று திரும்பி வெப்பநிலை சடசடவென இறங்கினால் நாய் ஈர உடம்போடு குளிரில் மாட்டிக்கொள்ளும். பாதையும் அதே நேரத்தில் கண்ணாடியாக உறைந்துவிடும். வெப்பமானியைப் பார்த்து "இன்று இதமாக இருக்கிறது" என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் அகப்படுகிறார்கள்.

பாதங்கள்

நாய் வெறுங்காலில் பனியில் எப்படி நிற்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்து சொன்னார்கள். பாதத்தின் அடித்திண்டில் சூடான இரத்தம் கொண்டுவரும் தமனிகளைச் சுற்றியே, குளிர்ந்த இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள் பின்னிக் கிடக்கின்றன. உள்ளே வரும் சூடு திரும்பிப் போகும் இரத்தத்துக்கு மாறிவிடுகிறது. பாதம் உறையாமலும், உடல் சூட்டை இழக்காமலும் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. ஆகவே உறுதியான நாய்க்கு வெறும் குளிரால் பாதம் கெடுவது அரிது. கெடுப்பவை வேறு: விரல் இடுக்கில் உருளும் பனிக்கட்டி, கத்திபோல் உடையும் பனியின் இறுகிய மேலோடு, பனியை உருக்க வண்டி நிறுத்துமிடத்தில் கொட்டியிருக்கும் உப்பு.

முதல் வேலை முடியைக் கத்தரிப்பது. அடித்திண்டுகளுக்கு நடுவே நீண்டு வளரும் முடியைத் திண்டின் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். பனி உருண்டை பிடிக்க அந்த முடிதான் கொக்கி. கோல்டன் ரிட்ரீவர் போன்ற நாய்களுக்குக் காலின் பின்புறம் தொங்கும் முடியையும் குறைக்கலாம். நகத்தை மட்டும் கிளம்பும் முந்தைய நாள் ஒட்ட வெட்டாதீர்கள். நமக்குப் பூட்ஸின் அடியில் மாட்டும் சிறு இரும்பு முட்களான மைக்ரோஸ்பைக்ஸ் இருக்கிறது, நாய்க்குப் பனிக்கட்டியில் பிடிமானம் தருவது நகம் மட்டுமே. காலின் உட்புறம் சற்று மேலே தனித்து நிற்கும் விரலின் நகத்தையும் பாருங்கள். மேலோடு உடையும் பனியில் அது மாட்டிக் கிழிவதுண்டு.

அடுத்தது மெழுகு. பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்காக உருவான மஷர்ஸ் சீக்ரெட் போன்ற பாத மெழுகுகள் கடைகளில் கிடைக்கின்றன. வீட்டிலிருந்து புறப்படும்போது பூசினால் காரிலேயே நக்கித் தீர்த்துவிடும். பாதை தொடங்கும் இடத்தில் பூசி, உடனே நடக்கத் தொடங்குங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பூச ஒரு சிறிய டப்பாவில் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த டப்பாவைச் சட்டைக்குள் வைக்க வேண்டும், பைக்குள் வைத்தால் கல்லாகிவிடும்.

காலணி போடலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. என் கருத்து இது: காலணி போட்ட நாய்க்கு நகம் இல்லை. செங்குத்தான பனிக்கட்டியில் அது வழுக்கும். ஆகவே மிதிபட்ட நல்ல பாதையில் வெறும் பாதமும் மெழுகும் போதும். மேலோடு கூர்மையாக உடையும் நாட்களிலும், பாதத்தில் கீறல் தெரிந்த பிறகும், உப்புச் சாலையிலும் காலணி வேண்டும். அலாஸ்காவின் இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலணிகள் கட்டாயம். அங்கே பயன்படுவது கனமான ரப்பர் அடி கொண்டவை அல்ல, மணிக்கட்டில் பட்டை ஒட்டும் எளிய துணி உறைகள். மலிவானவை, தொலைந்தால் வருத்தமில்லை, சட்டைப் பையில் எட்டும் அடங்கும். பட்டையை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று பாதம் உறைந்துவிடும். ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் பல நாள் போட்டுப் பழக்காமல் மலையில் முதன்முதலாகப் போட்டால் நாய் அசையாமல் நின்றுவிடும், அல்லது கடித்துப் பிய்த்துவிடும்.

உடை, வார், கயிறு

மேலாடையின் விதி நமக்கும் நாய்க்கும் ஒன்றே: ஏறும்போது கழற்று, நின்றால் போடு. ஏறும்போது போட்டிருந்தால் நாய்க்கு உள்ளே சூடேறி மூச்சிரைக்கும். நிற்கும் இடத்தில் மூச்சு வாங்குவதற்குள் போட்டுவிட வேண்டும். நெஞ்சையும் வயிற்றையும் மூடும் ஆடையாகப் பாருங்கள். முதுகை மட்டும் மூடுபவை கடைவீதிக்கு அழகு, மலைக்கு உதவாது.

கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டாதீர்கள். முதுகின் மேல் பிடி வைத்த மார்பு வாரே சரி. பாறைப் படியில் தூக்கிவிடவும், ஓடையில் விழுந்தால் பற்றி இழுக்கவும் அந்தப் பிடிதான் உயிர். இடுப்பில் கட்டிக்கொள்ளும் கயிறு ஏற்றத்தில் சுகமானது. கைகள் ஊன்றுகோலுக்கு விடுபடும். இறக்கத்தில் அதை அவிழ்த்துவிடுங்கள். பனிக்கட்டிச் சரிவில் முப்பது கிலோ நாய் ஓர் இழுப்பு இழுத்தால் இரண்டு பேரும் கீழேதான். கயிறு வேண்டிய இடத்தில் கையில் பிடியுங்கள், விழும்போது கைவிட முடிய வேண்டும்.

உங்கள் காலில் மைக்ரோஸ்பைக்ஸோ, அதைவிட நீண்ட முட்கள் கொண்ட கிராம்பானோ இருக்கும்போது நாய் உங்கள் காலுக்கடியில் வராமல் இருப்பது பெரும் பாடு. ஒரு மிதியில் பாதம் துளைபட்டுவிடும். "பின்னால்" என்ற கட்டளையை இதற்காகத்தான் வற்புறுத்தினேன். ஆனால் ஒட்டியே பின்னால் வந்தால் உங்கள் குதிகாலை மிதிக்கும், எனவே இரண்டு அடி இடைவெளி பழக்க வேண்டும். சரிவில் உட்கார்ந்து வழுக்கி இறங்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. நாயோடு அதைச் செய்யவே வேண்டாம். அது உற்சாகத்தில் உங்கள் முன்னால் பாயும், உங்கள் காலில் இரும்பு முட்கள் இருக்கும்.

ஆரஞ்சு நிற மேலாடையும் கழுத்தில் ஒளிரும் சிறு விளக்கும் வாங்கிவிடுங்கள். நவம்பர் மான் வேட்டைக் காலம். அதைத் தாண்டியும் பனிக்காலத்தில் வேட்டை நடக்கும் பகுதிகள் உண்டு.

நாயின் முதுகில் பை வேண்டாம். கோடையில் அது தன் உணவைச் சுமக்கட்டும். பனியில் புதைந்து எழும் உடலுக்கு அந்தச் சுமை அநியாயம். நாய்க்கான பொருள்கள் உங்கள் பையில் இருக்கட்டும்: உலர்ந்த துண்டு, மேலாடை, எட்டுத் துணிக்காலணிகள், மெழுகு, உணவு, அடியில் விரிக்க ஒரு ஃபோம் பாய், நாயைத் தூக்கும் தூளி. ஃபோம் பாயை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஓய்வுக்கு நிற்கும்போது நாய் பனியில் படுத்தால் வயிற்றின் சூடு முழுவதும் தரைக்குப் போய்விடும். அரை அங்குல ஃபோம் அதைத் தடுத்துவிடும்.

தண்ணீரும் உணவும்

சுற்றிலும் பனி இருக்கும்போது தண்ணீர் எதற்கு என்று கேட்பார்கள். பனியைத் தின்றால் அதை உருக்க உடலின் சூடே செலவாகும். நிறையத் தின்ற நாய் வாந்தியும் எடுக்கும். வீட்டிலிருந்து வெதுவெதுப்பான நீரை அகன்ற வாய்ப் புட்டியில் நிரப்பி, கம்பளிக் காலுறைக்குள் திணித்து, பையில் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும், தலைகீழாக இருந்தால் மூடி அடைபடாது. குழாய் வைத்த நீர்ப்பைகள் முதல் மணி நேரத்திலேயே உறைந்துவிடும். மணிக்கு ஒருமுறை, தாகம் காட்டாவிட்டாலும் கொடுங்கள். வெறும் நீரைக் குடிக்காத நாய்க்கு அதில் கொஞ்சம் உப்பில்லாத இறைச்சிச் சாறு கலந்தால் குடித்துவிடும்.

உணவு அதன் வழக்கமான உணவாகவே இருக்கட்டும், அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். புறப்படுவதற்குச் சற்று முன் வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம். வழியில் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். திடீரென்று கொழுப்பு மிகுந்த தீனியைக் கொடுத்தால் கணைய அழற்சி வரலாம்.

உங்கள் பையில் இருப்பதும் நாய்க்கு ஆபத்து. மலையேறுபவர்கள் கொறிக்கும் கலவையில் உலர்திராட்சை, சாக்லேட், மக்கடாமியா கொட்டை இருக்கும். மூன்றும் நாய்க்கு விஷம். சர்க்கரையில்லா சூயிங்கத்திலும் சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் இருக்கும் சைலிட்டால் மிகச் சிறிய அளவிலேயே நாயின் இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். குளிருக்குக் கையுறைக்குள் வைக்கும் கைச்சூட்டுப் பொட்டலங்களில் இரும்புத் தூள் இருக்கிறது, கடித்து விழுங்கிவிட்டால் அதுவும் நஞ்சு. வலிக்கிறது என்று நம் இபுப்ரோஃபெனையோ பாரசிட்டமாலையோ நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

பாதையில்

மிதிபட்ட பாதை கெட்டியாக இருக்கும், அதற்கு ஓரடி பக்கத்தில் பனி மார்பளவு ஆழம் இருக்கலாம். குட்டையான ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களைப் பனி முழுதாக மூடும்போது கிளைகளுக்கடியில் வெற்றிடம் தங்கிவிடும். மேலே சமதரை, உள்ளே குழி. நாய் அதில் விழுந்தால் தலை மட்டும் தெரியும். பதறி அதன் மேலேயே போய் நிற்காதீர்கள், நீங்களும் விழுவீர்கள். பக்கவாட்டில் ஸ்னோஷூவால் (பனியில் புதையாமல் நடக்கக் காலில் மாட்டும் அகலச் சட்டம்) பனியை வெட்டிச் சரிவாக்கி, வாரின் பிடியைப் பற்றி இழுங்கள். நாயைப் பாதையிலேயே வைத்திருந்தால் இதெல்லாம் நேராது.

பனி மென்மையாக இருந்தால் நீங்கள் ஸ்னோஷூ அணியுங்கள். வெறும் பூட்ஸோடு நடந்தால் ஒவ்வோர் அடியும் குழியாகும். இரவில் அது உறைந்து, அடுத்த நாள் வருபவரின் கணுக்காலையும் நாயின் முன்னங்காலையும் முறிக்கும் பொறியாகிவிடும். ஸ்னோஷூவின் அகலத் தடத்தில் உங்கள் நாயும் சுலபமாக நடக்கும்.

மரத்தில் தீட்டிய வழிக்குறிகள் கோடையில் கண்ணுயரத்தில் இருக்கும். பிப்ரவரியில் பனி உயர்ந்து அவை முழங்காலுக்கு வந்துவிடும், அல்லது புதைந்தே போகும். வரைபடமும் ஜிபிஎஸ்ஸும் வைத்திருங்கள். கைப்பேசி சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, குளிரில் பேட்டரியும் படுத்துவிடும்.

ஓடைகள் மேலே உறைந்திருக்கும், அடியில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். நாய் முதலில் போகட்டும் என்று விடாதீர்கள். ஊன்றுகோலால் தட்டிப் பார்த்து, பாலமோ கல்லோ உள்ள இடத்தில் கயிற்றோடு கடக்க வேண்டும். முகட்டின் விளிம்பில் காற்று குவித்த பனி, கீழே ஆதாரமில்லாமல் வெளியே துருத்தி நிற்கும். மேலிருந்து பார்த்தால் அது தரை போலத்தான் தெரியும். நாய்க்கு இது புரியவே புரியாது. பனிச்சரிவில் மனிதர்கள் அணியும் சமிக்ஞைக் கருவியை நாய்க்கு மாட்டுவது தவறு. புதைந்தவர்களைத் தேடும்போது நாயின் சமிக்ஞை எது, மனிதனுடையது எது என்று மீட்பவர்களால் பிரிக்க முடியாது. பனிச்சரிவு அபாயமுள்ள இடத்துக்கு நாயைக் கொண்டுபோகாமல் இருப்பதே இதற்கான வழி.

மரக்கோட்டுக்கு மேலே, அதாவது மரங்கள் வளராத உயரத்தில், எப்போதும் கயிறு வேண்டும். காற்று பனியை அள்ளிச் சென்ற இடங்களில் பாறைகளுக்கிடையே உயர்மலைச் செடிகள் வெளியே தெரியும். அவை வளரப் பல ஆண்டுகள் ஆகும், நாலு கால் பிறாண்டலில் போய்விடும். பியர்ஸ், ஜாக்ஸன் உச்சிகளில் கனடா ஜே பறவைகள் கையிலேயே வந்து அமர்ந்து தீனி கேட்கும். நாய்க்கு அது பெரிய சோதனை.

முள்ளம்பன்றிகள் இங்கே பனிக்காலத்திலும் உறங்காமல் நடமாடுகின்றன. ஆற்றோரமும் தாழ்வான மரவெட்டுப் பாதைகளிலும், உரோம விலங்குகளுக்குச் சட்டப்படி வைக்கப்பட்ட பொறிகள் இருக்கலாம். கால் பிடிக்கும் பொறியாக இருந்தால் இருபுறமும் உள்ள நெம்புகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் தாடை திறக்கும். மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறை, பொறியிலிருந்து செல்லப் பிராணிகளை விடுவிக்கும் முறையைப் படங்களோடு வெளியிட்டிருக்கிறது. போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எதிரே வருபவருக்கு நாய் பிடிக்காமல் இருக்கலாம், பயமும் இருக்கலாம். பாதையை விட்டு ஒதுங்கி, நாயை உட்கார வைத்து, அவர்களைப் போகவிடுங்கள். நாயின் கழிவைப் பையில் எடுத்துக் கீழே கொண்டுவாருங்கள். பனியில் அது மக்காது. ஏப்ரலில் பனி உருகும்போது பருவம் முழுவதும் புதைந்தவை ஒன்றாக வெளியே வரும் காட்சி அந்த மலைக்கு அவமானம்.

திரும்ப வேண்டிய நேரம்

நாய் வாய் திறந்து சொல்லாததை உடம்பு சொல்லும். அரை மணிக்கு ஒருமுறை நின்று நான்கு பாதங்களையும் கையுறை கழற்றித் தொட்டுப் பாருங்கள். விரல் இடுக்கைத் தடவினால் கட்டி பிடித்தது தெரியும். காது நுனியைத் தொடுங்கள். உணவு நீட்டுங்கள்.

முன்னால் ஓடிக்கொண்டிருந்த நாய் உங்கள் தடத்திலேயே தலை தாழ்த்தி நடக்கத் தொடங்கினால் அது களைத்துவிட்டது. பாதங்களை மாற்றி மாற்றித் தூக்கினால் வலிக்கிறது. அடிக்கடி படுத்து விரல்களைக் கடித்தால் பனிக்கட்டி இறுகியிருக்கிறது, எடுத்துவிட்டுக் காலணி போடுங்கள், அப்படியும் நொண்டினால் திரும்புங்கள். வால் ஒடுங்கி முதுகு கூனினால் குளிர்கிறது. பிடித்த தீனியை முகர்ந்துவிட்டு விலகினால் உடனே திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். ஏறும் வழியில் பாதிச் சக்தி போனால், இறங்க மீதிப் பாதிதான் இருக்கிறது.

நடுக்கம் குளிர்ச்சியின் தொடக்கம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. அது இறங்க இறங்க நடுங்கும். நடுங்கிக்கொண்டிருந்த நாய் சூடேற்றாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டுத் தள்ளாடினால் நிலைமை முற்றிவிட்டது. காற்றுக்கு மறைவான இடத்தில் ஃபோம் பாயை விரித்துப் படுக்கவைத்து, ஈரத்தைத் துடைத்து, அவசரப் போர்வையில் சுற்றி, உங்கள் உடலோடு அணைத்துக்கொள்ளுங்கள். கைச்சூட்டுப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி நெஞ்சருகில் வைக்கலாம், தோலில் நேரடியாகப் பட்டால் சுட்டுவிடும். தேறியதும் கீழே இறங்கி நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

காது, வால் நுனி வெளிறிக் கட்டையாக இருந்தால் உறைபுண். தேய்க்காதீர்கள், பனியால் ஒத்தாதீர்கள். வழியில் மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் அங்கே உருக்கவும் வேண்டாம். மூடிப் பாதுகாத்து இறக்குங்கள்.

அடிபட்டால்

முதலுதவிப் பையில் காஸ் துணி, தன்மேலேயே ஒட்டும் கட்டுத்துணி, உப்புநீர், சாமணம், சிறு இடுக்கி, நீளமான பருத்திப் பட்டை ஆகியவை இருக்கட்டும். அந்தப் பட்டை வாயைக் கட்ட. வலியில் இருக்கும் நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ வாயைக் கட்டக் கூடாது. முள்ளம்பன்றி முள் ஒன்றிரண்டு என்றால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்கலாம். முகம் நிறையத் தைத்திருந்தாலும் வாய்க்குள் போயிருந்தாலும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

நாய் நடக்க முடியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். முப்பது கிலோவைக் கையில் ஏந்தி இரண்டு மைல் இறங்க முடியாது. தோளில் மாட்டும் மீட்புத் தூளிகள் கிடைக்கின்றன. அதை வாங்கி, ஆரோக்கியமான நாளில் நாயை அதில் உட்காரவைத்துச் சுமந்து பழகுங்கள். இருவராகப் போனால் மாற்றிச் சுமக்கலாம், தனியாகப் போனால் தூரத்தைக் குறையுங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் மலை மீட்பு மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் பொறுப்பு. அவர்களும் தன்னார்வலர்களும் உயிரைப் பணயம் வைத்து வருவது மனிதர்களுக்காக. நாயை இறக்கும் பொறுப்பு உங்களுடையது என்று எண்ணியே கிளம்புங்கள். தங்கள் அலட்சியத்தால் சிக்கி மீட்கப்பட்டவர்களிடம் மாநிலம் செலவை வசூலிக்கலாம். அந்தத் துறை விற்கும் ஹைக் சேஃப் அட்டையை வாங்கினால் அந்தச் செலவிலிருந்து விலக்கு உண்டு, பணமும் மீட்புப் பணிக்கே போகிறது. தெரிந்தே விபரீதத்தில் இறங்கியவருக்கு அந்த அட்டையும் உதவாது.

திரும்பிய பிறகு

காரை அடைந்ததும் முதலில் நாய். வண்டி நிறுத்துமிடத்துச் சேற்றுநீரை நக்கவிடாதீர்கள். அதில் உப்பும், சில நேரம் காரிலிருந்து ஒழுகிய, இயந்திர நீர் உறையாமல் காக்கும் ஆன்டிஃபிரீஸும் இருக்கும். இனிக்கும் அந்தத் திரவம் சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும். பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்கு உலரத் துடையுங்கள். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தொங்கும் பனி உருண்டைகளைப் பிடுங்காமல், உள்ளங்கைச் சூட்டில் உருக்குங்கள்.

இரவில் பாதங்களை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். நடக்கும்போது தெரியாத வெட்டுகள் அப்போதுதான் தெரியும். மறுநாள் காலை வால் தளர்ந்து தொங்கி, அடிப்பகுதியைத் தொட்டால் நாய் முனகினால் பயப்பட வேண்டாம். குளிரிலும் மிகை உழைப்பிலும் வாலின் தசை பிடித்துக்கொள்வது லாப்ரடார்களுக்கு அடிக்கடி வருவது. ஓய்வில் சில நாட்களில் சரியாகும். சரியாகாவிட்டாலும், ஒரு நாளைக்கு மேல் நொண்டினாலும், காது நுனி வீங்கிக் கறுத்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு குறிப்பேட்டில் அன்றைய வெப்பநிலை, காற்று, பனியின் தன்மை, காலணி போட்டதா, எந்த இடத்தில் களைத்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள். இரண்டாவது பருவத்தில், முன்னறிவிப்பைப் பார்த்ததும் இன்று உங்கள் நாய்க்கு எவ்வளவு தூரம் என்று அந்தக் குறிப்பேட்டைப் புரட்டியே சொல்லிவிடலாம்.